இடமிருந்து வலம்

"மொத கொழந்தையாம்மா?" என்று யார் கேட்டாலும் அவள் ஒரே பதிலைத்தான் சொல்வாள்.

"இல்ல, ரெண்டாவது."

கேட்டவர்கள் அதோடு விட மாட்டார்கள். ஒரகடம் கூட்டுரோட்டில் நாங்கள் வழக்கமாக டீ குடிக்கும் கடையின் அக்கா, கிளாஸைக் கழுவிக்கொண்டே அடுத்த கேள்வியைப் போட்டார்.

"பெருசு இன்னா, பையனா பொண்ணா?"

"பொண்ணு."

"இஸ்கூல் போவுதா?"

"இல்லக்கா. எறந்துட்டா. எட்டாம் மாசம், வயித்துலயே."

கிளாஸ் கழுவிய கை அப்படியே நின்றது. ஷிப்டு முடிந்து வந்து பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன்கள் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் என் டீயைப் பார்த்தேன். அவள் மட்டும் பன்னைப் பிய்த்து டீயில் நனைத்து நிதானமாகத் தின்றாள். டீக்கடை அக்கா அன்றைக்கு எங்களிடம் காசு வாங்கவில்லை. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. "நான் துக்கம் சொல்லவாக்கா போனேன்? கேட்டாங்க, சொன்னேன்" என்றாள் வெளியே வந்ததும்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம்தான். அது அவளுக்கு வராது. ஒரு ஆளைக் கணக்கிலிருந்து விட்டுவிட அவளால் எப்போதுமே முடிந்ததில்லை.

அப்போது நான் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் நிருபர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து படப்பை வரை என் எல்லை. அவள் அதே பதிப்புக்குப் படம் எடுத்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, செல்போன் கம்பெனியின் உற்பத்தி லைனில் நிற்க வந்தவள். ஹாஸ்டலில் கூட இருந்த பெண்களைப் போனில் படம் எடுத்துப் பழகி, பிறகு ஒரு பழைய கேமராவை வாங்கிக்கொண்டு, லைனை விட்டு இந்த வேலைக்கு வந்துவிட்டாள். எங்கே போனாலும் என் ஸ்கூட்டிதான். முன்னால் நான், பின்னால் அவள், நடுவில் கேமராப் பை.

அவளோடு போனால் சொன்ன நேரத்துக்குத் திரும்ப முடியாது. படம் எடுப்பது சீக்கிரம் முடிந்துவிடும். பெயர் கேட்பதுதான் முடியாது. ஒருமுறை ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லை என்று பெண் தொழிலாளர்கள் சர்வீஸ் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். மற்ற பத்திரிகைக்காரர்கள் நான்கு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இவள் ஒவ்வொரு பெண்ணின் முன்னாலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "உங்க பேரு? பேரு போடலாமா? எந்த ஊரு?" என்று கேட்டுக்கொண்டே போனாள். வேண்டாம் என்றவர்களை வற்புறுத்த மாட்டாள். ஆனால் விடவும் மாட்டாள். அன்றைக்கு அலுவலகத்துக்கு அவள் அனுப்பிய குறிப்பு "இடமிருந்து வலம்" என்று தொடங்கி, வரிசையாகப் பெயர்களாக நீண்டது. நடுநடுவே, "பெயர் சொல்ல விரும்பாதவர்", "பெயர் சொல்ல விரும்பாதவர்".

எங்கள் பொறுப்பாசிரியர் போன் செய்தார். "ஏம்மா, இது கல்யாண ஆல்பமா? எனக்கு ரெண்டு வரிதாம்மா எடம் இருக்கு."

"ஒரு நா சம்பளத்த விட்டுட்டு ரோட்டுல உக்காந்திருக்காங்க சார்" என்றாள் இவள். "பேரு போடக்கூட எடம் இல்லையா?"

மறுநாள் 'சாலை மறியலில் ஈடுபட்ட பெண்கள்' என்றுதான் வந்தது. அவள் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அடுத்த படத்துக்கும் அதே போலப் பெயர்களை அனுப்பினாள்.

இது சில சமயம் எனக்கே எரிச்சலாக இருக்கும். கொஞ்சம் பயமாகவும். ஒருநாள் லாரி மோதி ஒரு பையன் இறந்து கிடந்தான். பீகாரோ ஒடிசாவோ, யாருக்கும் தெரியவில்லை. 'வடமாநில இளைஞர்' என்று எழுதி நான் செய்தியை முடித்துவிட்டேன். "அவங்க அம்மா அப்படியா பேரு வச்சிருப்பா?" என்று கேட்டுவிட்டு, அவன் சட்டையில் இருந்த கம்பெனி முத்திரையைப் பார்த்து, அந்த கேட்டுக்குப் போய், அவன் கூட வேலை செய்தவர்களைத் தேடிப் பிடித்து, பையன் பெயர், அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டுதான் வந்தாள். வெயிலில் முகம் கருத்துப் போயிருந்தது. அப்போது அவள் முதல் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தாள்.

அந்தக் குழந்தையை எனக்கு முதுகால் தெரியும். வயிறு பெரிதாகப் பெரிதாக, நடுவிலிருந்த கேமராப் பை அவள் தோளுக்குப் போயிற்று. பை இருந்த இடத்தில் வயிறு வந்தது. குழந்தை உதைத்தால் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் எனக்கே தெரியும். "உங்கள ஓரமாப் போகச் சொல்லுதாக்கா" என்பாள் அவள். இருவரும் சிரிப்போம்.

எட்டாம் மாதத்தில் ஒரு காலை, போனில், "எக்கா, நேத்துலேருந்து அசைவே இல்ல" என்றாள்.

காரணம் தெரியவில்லை என்றுதான் டாக்டர்கள் சொன்னார்கள். மற்ற எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது. வெயில், கேமரா வெயிட்டு, செத்தவனைப் போய்ப் பார்த்தது, என் ஸ்கூட்டி. குழந்தையை அவளுக்கு ஒரே ஒரு தடவை காட்டினார்கள். பிறகு அவள் கணவனும், வாடகைக்கு வீடு கொடுத்திருந்த வீட்டுக்காரரும் எடுத்துக்கொண்டு போனார்கள். சொந்த ஊர் வெகு தூரம். இங்கே இவர்களுக்கென்று ஒரு கைப்பிடி மண் கிடையாது. கீழ்வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரர்தான், "எங்க ஊரு எடுகாட்டுலயே வச்சிரலாம் தம்பி, நான் கேட்டுக்கிறேன்" என்று முன்னால் நடந்தார். குளித்துவிட்டு ஈரத் தலையோடு திரும்பி வந்த இருவரிடமும் அவள், "எங்கன?" என்று கேட்டாள். "ஏரிக்கரைப் பக்கம்மா" என்றார் வீட்டுக்காரர். இருவரும் தலை துவட்டப் போய்விட்டார்கள்.

அடுத்த வருடம் மறுபடி உண்டானாள். "எக்கா, இனிமே பள்ளம் பாத்து ஓட்டணும்" என்றாள். அப்படித்தான் எனக்குச் சொன்னாள். அலுவலகத்தில் சொல்லவில்லை. தெரிந்தால் வேலை கொடுக்க மாட்டார்கள். கணவனின் பெரிய சைஸ் கம்பெனிச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு வந்தாள்.

சிரிப்பு இந்த முறை இல்லை. வல்லக்கோட்டை ரோட்டில் போய்க்கொண்டிருப்போம். திடீரென்று என் தோளைத் தட்டி, "நிறுத்துங்க" என்பாள். இறங்கி, சாலையோரமாக நின்று வயிற்றில் கை வைத்துக்கொள்வாள். கன்டெய்னர் லாரிகள் எங்கள் மேல் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு போகும். பையில் எப்போதும் குளிர்ந்த மாம்பழ ஜூஸ் பாட்டில் இருக்கும். சில்லென்று இனிப்பாக உள்ளே போனால் குழந்தை அசையும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். இரண்டு மடக்குக் குடிப்பாள். கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிறகு ஒரு நேரம் கண்ணைத் திறந்து, "ம். இருக்கா. போவோம்" என்பாள். என்ன குழந்தை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவளுக்கு 'இருக்கா'தான்.

துணி, தொட்டில் எதுவும் வாங்கவில்லை. யாராவது கொண்டுவந்தாலும், "பெறவு தாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அவள் கணவன் கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்ப்பவன். அதிர்ந்து பேசத் தெரியாத பிள்ளை. ஆஸ்பத்திரியில் யாராவது கேட்டால் அவன் முந்திக்கொண்டு, "முதல் குழந்தைங்க" என்பான். அவள் அவனைத் திருத்துவாள். எல்லோர் எதிரிலும். ஒருநாள் அவள் ஸ்கேன் அறைக்குள் போயிருந்தபோது அவன் என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

"எக்கா, நீங்களாவது அவகிட்ட சொல்லுங்க. நான் அத மறக்கணும்னு சொல்லல. ஆனா அவ ஒவ்வொரு தடவ சொல்லும்போதும் நான் திரும்பத் திரும்பக் குழி தோண்டுத மாதிரி இருக்கு. துணியோட என் கையிலதான்க்கா இருந்துச்சு."

வண்டியில் வரும்போது நான் அதை அவளிடம் சொன்னேன். தோளிலிருந்த பையை மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு, "அவங்க கையில கொஞ்ச நேரமாவது இருந்துச்சுல்லா. எனக்கு அதுகூட இல்லக்கா" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை அவளை அழைத்தது. அவள் எடுத்த ஒரு படம், கம்பெனி பஸ்ஸின் ஜன்னலில் வரிசையாகத் தலை சாய்த்துத் தூங்கும் பெண்கள், அங்கே யாருக்கோ பிடித்துப்போயிருந்தது. சில மாதம் வந்து வேலை செய்து காட்டு, சரியாக இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அவளுக்குப் பிரசவ நாள் குறித்திருந்த மாதத்தில் சேரச் சொன்னார்கள். அவள் உண்மையைச் சொல்லி, கொஞ்சம் தள்ளி வரட்டுமா என்று கேட்டாள். "கண்டிப்பாம்மா, உடம்பப் பாத்துக்கோங்க, நாங்களே கூப்பிடறோம்" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அதன் பிறகு கூப்பிடவே இல்லை.

"ரெண்டு கையிலயும் ஒண்ணொண்ணு புடிச்சுக்கிடலாம்னு நெனச்சேன்க்கா" என்றாள் என்னிடம். அதைப் பற்றி அவள் பேசியது அந்த ஒரு தடவைதான்.

ஏழாவது மாதம் முடியும் சமயத்தில் வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். "மேடம், நம்ம எடுகாட்டுல ஜேசிபி வுட்டுட்டானுங்க. லாரி நிறுத்தற யார்டு வருதாம். எடம் எவனோ வாங்கிட்டானாம். பட்டா கீதுன்றான். நீங்க வந்து எழுதுங்க." சற்று நிறுத்திவிட்டு, "மாடியில கீற பொண்ணுக்கு மட்டும் சொல்லாதீங்க" என்றார்.

மாடிவீட்டுப் பெண்ணுக்கு அவர் போனில் கத்தியதே கேட்டிருந்தது. நான் போய்ச் சேரும்போது பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பக்கத்தில் அவள் கணவன், என்ன செய்வதென்று தெரியாமல் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

"நீ வராதம்மா" என்றேன். "காஞ்சிபுரத்துலேர்ந்து வேற ஆள அனுப்பறேன்னாரு சார்."

"வர்ற ஆளுக்கு அங்கன யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

நான் வண்டியைக் கிளப்பினேன்.

போய்ப் பார்த்தால் பாதி நிலத்தைச் சுரண்டிச் சமன் செய்துவிட்டிருந்தார்கள். ஒரு ஓரத்தில் ஜல்லி மலையாகக் குவிந்திருந்தது. ஊர்ஜனம் கூடி நின்று கத்திக்கொண்டிருந்தது. வழக்கமாக அந்தப் பக்கமே வராத பெண்கள்கூட வந்திருந்தார்கள். இவளைப் பார்த்ததும் வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"இன்னாமா இது, வயித்துப் புள்ளையோட இங்கெல்லாம் வரக்கூடாதும்மா."

"எந்த எடம் அண்ணே?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி நடக்க ஆரம்பித்தார். கொஞ்ச தூரம் போய் நின்றார். "இங்க ஒரு பனமரம் இருந்திச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மரமும் இல்லை, மேடும் இல்லை. இந்தப் பக்கம் நாலு அடி வைத்தார், அந்தப் பக்கம் நாலு அடி வைத்தார். அவள் கணவனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கடைசியில் ஒரு இடத்தைக் காலால் தொடாமல் கையால் காட்டி, "இங்கதாம்மா. நல்லா நாபகம் கீது" என்றார். நினைவிருந்து சொன்னாரா, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குள் ஜேசிபி மறுபடி உறுமியது. யார் முதலில் போனார்கள் என்று நான் கவனிக்கவில்லை. ஒரு பெண் போய்த் தன் அம்மாவை வைத்த இடத்தில் நின்றுகொண்டாள். அவளைப் பார்த்து இன்னொருவர். பிறகு ஒவ்வொருவராக, அவரவர் ஆளைப் புதைத்த இடத்தில் போய் நின்றார்கள். நிலம் முழுக்க மனிதர்கள், ஆளுக்கொரு இடமாக, தள்ளித் தள்ளி. யாரும் கத்தவில்லை. ஜேசிபி டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

அவள் ஜல்லிக் குவியல்மேல் ஏறி நின்று எடுத்தாள். பிறகு மெதுவாக இறங்கி வந்து கேமராவை என் கழுத்தில் மாட்டினாள்.

"எக்கா, எல்லாரும் உள்ள வராங்களான்னு பாத்துட்டு இந்தப் பட்டன அமுக்குங்க, போதும்."

போய் நின்றாள். வலது கோடியில். வீட்டுக்காரர் காட்டிய இடத்தில். அதுவரை வயிற்றிலேயே இருந்த கையை எடுத்துத் தொங்கவிட்டுக்கொண்டு நேராக நின்றாள். எனக்குக் கண் மறைத்தது. அமுக்கினேன்.

அன்றைக்கும் எல்லோரிடமும் பெயர் கேட்டுவிட்டுத்தான் வந்தாள். இடமிருந்து வலம், இன்னார், அம்மாவுக்காக. இன்னார், அண்ணனுக்காக. இன்னார், கணவருக்காக. கடைசியில் அவள் பெயர், பெயர் வைக்காத மகளுக்காக.

பொறுப்பாசிரியர் எனக்குத்தான் முதலில் போன் செய்தார். பிறகு அவளிடம் கொடுக்கச் சொன்னார். அன்று அவர் கத்தவில்லை.

"உன் பேரு வேணாம்மா. எடுத்தவளே படத்துல இருந்தா கேள்வி வரும். நாளைக்கு நீ வேல பாக்கணும்."

"நான் அங்கன நின்னேன்லா சார்."

"நின்னம்மா. இல்லேன்னு சொல்லல."

மறுநாள் முதல் பக்கத்தில், அதுவரை அவளுக்கு வராத அளவில், படம் பெரிதாக வந்தது. வலது ஓரத்தை வெட்டியிருந்தார்கள். ஆனால் காலை வெயிலில் அவள் நிழல் உள்பக்கமாக நீண்டு விழுந்திருந்தது. அதை வெட்ட முடியவில்லை. வயிறு மேடிட்ட அந்த நிழலை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். "இவ பேரு விட்டுப்போச்சே" என்று சிரித்தாள். அவள் கணவன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

அதிகாரிகள் வந்தார்கள். ஊருக்கு வேறு இடம் ஒதுக்குவதாகச் சொன்னார்கள், எழுதியும் கொடுத்தார்கள். இரண்டு வாரம் வேலை நின்றது. பிறகு சுற்றிலும் தகரம் அடித்துவிட்டு, உள்ளே ஜல்லியைக் கொட்டினார்கள்.

நாள் தள்ளிப்போகாமல், வலி எடுத்து, ஒரு பகல் பொழுதில் அவளுக்குக் குழந்தை பிறந்தது. உள்ளே போகும்போது என் கையைப் பிடித்து, "அழுத சத்தம் கேட்டாத்தான்க்கா நம்புவேன்" என்றாள். நானும் அவள் கணவனும் கதவுக்கு வெளியே நின்றோம். சத்தம் கேட்டது. குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த ஆயாம்மா அவன் கையில் கொடுத்து, "பொம்பளப் புள்ள. இன்னாப்பா, மொத புள்ளையா, புடிக்கவே தெரியல?" என்றார்.

அவன் குழந்தையைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டாவதுங்க" என்றான்.

அவள் திரும்ப வேலைக்கு வரவில்லை. வரக் கூடாது என்றில்லை. எங்கள் பதிப்பில் வேறொரு பையனைப் போட்டுவிட்டார்கள். அவள் கணவனைக் கம்பெனி குஜராத்தில் புதிதாகத் தொடங்கிய ஆலைக்கு மாற்றியது. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னாள். புது ஊரில், தெரியாத மொழியில், கைக்குழந்தையோடு யார் வேலை கொடுப்பார்கள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் பகலில் என்னை வரச் சொன்னாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறினாள். நான் வண்டியை ஏரிக்கரைப் பக்கம் விட்டேன்.

யார்டு கேட்டில் செக்யூரிட்டி வழிமறித்தார். "எந்த வண்டிம்மா?"

"வண்டி இல்லண்ணே. எம் பொண்ணு உள்ள இருக்கா."

அவர் அவள் தோளில் இருந்த குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முன்னாடி இங்க எடுகாடு இருந்திச்சுங்க" என்றேன் நான். அவர் சங்கிலியை இறக்கினார்.

உள்ளே வரிசை வரிசையாக லாரிகள். தரை முழுக்க ஒரே ஜல்லி. எது எந்த இடம் என்று நான் திகைத்து நிற்க, அவள் போனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்தாள், வெட்டாத படத்தை. அவளுக்குப் பின்னால் பக்கத்துக் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டியும், அதற்கப்பால் மின்கோபுரமும் அதில் இருந்தன. படத்தில் தொட்டி கோபுரத்தைப் பாதி மறைத்திருந்தது. அவள் போனைக் கண்ணெதிரில் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் நகர்ந்து, அந்தப் பக்கம் நகர்ந்து, இரண்டு லாரிகளுக்கு இடையில் நடந்து, கடைசியில் ஓரிடத்தில் நின்றாள். முன்னால் ஒரு நீளமான லாரியின் பின்சக்கரம்.

குழந்தை பசித்து வீறிட்டது. அவள் அங்கேயே, ஜல்லியில், சக்கரத்தில் முதுகைச் சாய்த்துக் கால் நீட்டி உட்கார்ந்து பால் கொடுக்க ஆரம்பித்தாள்.

அந்த லாரியின் டிரைவர் முன்பக்கம் ஸ்டவ் வைத்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். ராஜஸ்தான் வண்டி. எட்டிப் பார்த்தவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேபினில் ஏறி ஒரு பூப்போட்ட போர்வையை எடுத்து வந்து, எங்களைப் பார்க்காமலே, ஒரு முனையைத் தன் லாரியின் கொக்கியிலும் மறுமுனையைப் பக்கத்து லாரியிலும் கட்டினார். ஸ்டவ்வை அணைத்துவிட்டு, பாதி வெந்த ரொட்டியை அப்படியே விட்டு, தூரத்தில் போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார்.

போர்வைக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூவரும் இருந்தோம். குழந்தை குடிக்கும் சத்தம் கேட்டது. அவளுடைய ஒரு கை அதன் முதுகை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கை, அதே நிதானத்தில், பக்கத்திலிருந்த ஜல்லியைத் தட்டிக்கொண்டிருந்தது.